நெட்டி மென்ற வாய்

என் தங்கை மகனுக்கு ஊரில் ஓடுகிற நல்ல வண்டி எதுவும் பிடிக்கவில்லை. அவன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் செய்த ஒரு மோட்டார் சைக்கிளை எங்கிருந்தோ வாங்கி, போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். டாங்குக்கு அடியில் பெட்ரோல் கசிகிறதாம். கூரியரில் ஒரு பிளாஸ்டிக் பை வந்திருந்தது. அதற்குள் டாங்கில் பூட்டுகிற புதுப் பித்தளை மூட்டு, கறுப்பு ரப்பர் வளையங்கள், உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற டியூப், அதை இறுக்குவதற்குக் கிளிப்புகள். எல்லாவற்றையும் ஒரு துண்டில் பரப்பி வைத்துவிட்டு, முதலில் நீலக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டான். எனக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்த டாக்டர்கூட அவ்வளவு பதவிசாக மாட்டவில்லை.

பழைய மூட்டைத் திருகிக் கழற்றியதும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

“மாமா, அந்தக் காலத்துல இது லீக் ஆனா என்ன போடுவீங்க?”

நான் எழுந்து உள்ளே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். வெற்றிலை போட்டிருந்தேன் என்று நினைத்திருப்பான். மற்றவர்களுக்குப் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும், எனக்கு நாக்கில் ஏறுகிறது. ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். இப்போதுதான் சாப்பிட்டு முடித்திருக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

என்னைப் படைத்தவன் ஒரு கணக்குப் பிழை செய்துவிட்டான். மீன் புழங்காத வீட்டில், வெங்காயம் அழுகினால்கூடத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுகிற மூக்கோடு, தூத்துக்குடியில் பிறக்க வைத்தான். காலையில் கருவாட்டு வண்டி, மத்தியானம் சாக்கடை, சாயங்காலம் வெந்த இறால் தோல். நாங்கள் இருந்த தெருவில் எந்த வாசலில் எந்த வாடை என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருஷம் முத்துக்குளிப்பு நடந்தது. முத்து என்றால் உங்களுக்கெல்லாம் கழுத்து ஞாபகம் வரும். எனக்கு மூக்கைப் பொத்திக்கொண்ட ஞாபகம்தான் வருகிறது. சிப்பியை எடுத்து வந்ததும் கத்தியால் பிளந்து முத்தைப் பொறுக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? குவித்துப் போட்டு அழுக விடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதையெல்லாம் கூழாகக் கரைந்த பிறகு கழுவி அரித்தால்தான் அடியில் முத்து நிற்கும். காற்று கிழக்கிலிருந்து அடிக்கிற நாட்களில் அப்பா ரசம் சாதத்தைத் தூக்கிக்கொண்டு விறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். அதற்குப் பிறகு யார் முத்துமாலை போட்டிருந்தாலும் நான் ஓரடி தள்ளித்தான் நிற்பேன். கல்யாணத்தன்று என் மாமியார் காதில் முத்துத் தோடு. காலில் விழுந்து எழுகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு ரொம்பப் பணிவு என்று அந்த வீட்டில் இன்றைக்கும் பேச்சு.

எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த புதிதில், ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஆபீஸ் ஊருக்குள். துறைமுகமோ ஊருக்குத் தெற்கே, உப்பளங்களையெல்லாம் தாண்டி. காகிதங்களைத் தூக்கிக்கொண்டு பகலெல்லாம் போய் வர வேண்டும். அதற்காக ஓர் உப்பு வியாபாரி கழித்துக்கட்டிய மோட்டார் சைக்கிளை வாங்கினேன். யுத்தத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிய இங்கிலீஷ் வண்டி என்று சொல்லி என் தலையில் கட்டினார். எந்தப் பக்கத்துப் பட்டாளம் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். தோற்ற பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

அதன் டாங்குக்கு அடிவயிற்றில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற ஒரு குமிழ், காக் என்போம். காக் டாங்கில் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு வாஷர். காக்கிலிருந்து இஞ்சினுக்கு இறங்குகிற ஒரு ரப்பர் டியூப். உப்புக்காற்று இந்த மூன்றையும் தின்று தீர்த்திருந்தது. ஓடும்போது சொட்டும், நின்றால் இன்னும் தாராளமாகச் சொட்டும். என் வலது முழங்காலில் எப்போதும் ஓர் ஈரம். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் வேறு, கேட்க வேண்டுமா? ஆபீசில் பீடி பற்ற வைக்கிறவர்கள் என்னைக் கண்டால் வெளியே போய்விடுவார்கள்.

போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் கஸ்பார் ஒருவன்தான். கப்பலில் ஏறி இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை அவனுக்கு. மீனவர்கள் குடியிருக்கிற திரேஸ்புரத்துக்காரன், என் வயதுதான். என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அவன் வைத்த பெயர் சைவம். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து மீன் குழம்பை என் பக்கமாகத் தள்ளி வைப்பான். நான் நாற்காலியோடு நகர்வேன். அவனும் நாற்காலியோடு நகர்வான்.

“ஏலே சைவம், ஒரு வாய் தின்னு. மீனுன்னு நெனைக்காத, வெண்டக்கான்னு நெனச்சுக்க.”

“தூரப் போலே. கொமட்டுது.”

“நீ என்னிக்கி இருந்தாலும் எங்கிட்ட ஏமாறத்தான் போற. உன் வாயில மீன வைக்காம நான் ஓய மாட்டேன் பாத்துக்க.”

இதைத் தினமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

வண்டிக்கு வாஷரும் டியூபும் மாற்ற வேண்டும், மதுரைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் அவனிடம் புலம்பினேன். அவன் மண்டிபோட்டு டாங்கின் அடியில் பார்த்தான். விரலால் தொட்டு முகர்ந்தான். பிறகு என்னைப் பார்த்து, இவ்வளவுதானா என்கிற மாதிரி சிரித்தான்.

“இதுக்கு எதுக்குலே மதுர? எங்க மாமா கலப்பத்து அடிக்கார்லா. கடலயே உள்ள விடாத சாமான் அவர்ட்ட இருக்கு. ஒன் பெட்ரோல் என்ன, கடல விடப் பெருசா?”

கலப்பத்து என்றால் வள்ளம் என்கிற மரப்படகின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய சாந்தைப் பூசி, தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. போர்த்துக்கீசியன் விட்டுவிட்டுப் போன வார்த்தை என்று கஸ்பார் பெருமையாகச் சொல்வான். வார்த்தையை மட்டும் விட்டுப் போயிருக்கலாம். மறுநாள் சாயங்காலம் ஒரு கொட்டாங்கச்சியில் அந்தச் சாந்தைக் கொண்டு வந்தான். அதில் சேர்ந்திருந்தது சுறாமீன் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய். பழைய எண்ணெயாக இருந்தால்தான் நன்றாகப் பிடிக்குமாம். எவ்வளவு பழையது என்று என் மூக்கு எனக்குச் சொல்லிவிட்டது. நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தபடியே நன்றி சொன்னேன்.

காக்கைக் கழற்றி, மரையிலும் டியூப் மாட்டுகிற வாயிலும் பஞ்சைச் சுற்றிச் சாந்தை அப்பித் திரும்பப் பூட்டினான். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றிரவு தெருப் பூனைகள் என் வண்டியை விட்டு நகரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த நாள்தான் அவனுக்குக் கப்பல் வந்தது. சரக்கேற்றி முடித்துப் புறப்பட நின்ற ஒரு வெளிநாட்டுக் கப்பலில், இஞ்சின் ரூமில் வேலை செய்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். உடனே ஓர் ஆள் வேண்டும். கஸ்பார் கப்பல் வேலைக்கு வேண்டிய தகுதியெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஆபீஸ் ஆபீசாகச் சொல்லி வைத்து, ஒன்றும் நடக்காமல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன். எங்கள் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார்.

“காகிதமெல்லாம் நான் பாத்துக்கிறேன். பைலட் ஏறுறதுக்கு முன்னால நீ கப்பல்ல நிக்கணும். ஏணிய எடுத்துட்டான்னா அவ்வளவுதான். உனக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாட்டான்.”

பைலட் என்றால் கப்பலைத் துறைமுகத்திலிருந்து கடலுக்குக் கொண்டுபோய் விடுகிறவர். கஸ்பார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினான். முதலில் வடக்கே திரேஸ்புரம், அவன் வீட்டுக்கு. அவன் அம்மா கரையில் மீன் விற்பவர். ஒரு பையில் துணிமணியைத் திணித்தார். இன்னொரு பையில் கருவாடும் நெட்டியும். நெட்டி என்பது மீன் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப் பை. பெரிய கூறல் மீனில் எடுத்துக் காயப்போட்டால் மஞ்சளாக, தகடு மாதிரி இறுகிவிடும். சீனாக்காரர்கள் அதில் சூப்பு வைத்துக் குடிக்கிறார்களாம். குடித்துவிட்டுப் போகட்டும்.

“சிங்கப்பூருல எறங்குனா வித்துக்கய்யா, கைச்செலவுக்கு ஆகும்” என்று அவன் அம்மா அந்தப் பையை என் மடியில் வைத்துவிட்டார். மகன் முகத்தைத் தடவிச் சிலுவை போட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, பின்னால் அவன் ஏறியதும் வண்டியை விட்டேன்.

ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் வந்த பிறகு ஒரு நாற்றம் கிளம்பியது. முதலில் மடியில் இருந்த பையென்று நினைத்தேன். இல்லை, சூடான இஞ்சின்மேல் சுறா எண்ணெய் சொட்டிக் கருகுகிறது. வண்டி இருமியது, திணறியது, நடுரோட்டில் நின்றுவிட்டது. மத்தியான வெயில். உப்பில் பட்டு எதிரொளிக்கிற வெயிலைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணைத் திறக்க முடியாது. தூரத்தில் கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. ஒரே ஓர் உப்பு லாரி வந்தது. கையைக் காட்டினோம். வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்த டிரைவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு அழுத்திவிட்டுப் போய்விட்டான். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை.

கடலைத் தடுக்கிற சாந்து பெட்ரோலைத் தடுக்காது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ராத்திரியெல்லாம் பெட்ரோலில் கரைந்து, டியூப் வழியாக இறங்கி, இஞ்சினுக்குள் பெட்ரோல் போகிற சின்ன ஓட்டையை அடைத்திருந்தது. டியூபை உருவினால் ஆறிப்போன கஞ்சியின் ஆடை மாதிரி பழுப்பாக ஒன்று வழிந்தது. கஸ்பார் அந்த ஓட்டை இருக்கிற சின்னத் திருகைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். அடைப்பு போகவில்லை. உறிஞ்சினான். போனது, அவன் வாய்க்குள். பெட்ரோல், மண்ணெண்ணெய், குங்கிலியம், அழுகின சுறா ஈரல் எல்லாம் சேர்ந்து ஒரு மடக்கு. ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுத்தான். அவன் எடுப்பதைப் பார்த்து நானும் எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு காக்கைக் கழற்றினான். பெட்ரோல் கொட்டிவிடாமல் டாங்கின் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டான். அப்படியும் கசிந்து முழங்கை வழியாக அவன் அக்குளுக்குள் போனது. நான் சாந்தைத் துணியால் வழித்தேன். பஞ்சோடு சேர்ந்து பழைய வாஷரும் தூள்தூளாக வந்தது. டியூபின் கிழிந்த முனையை வெட்டியெறிந்துவிட்டு பையைக் கட்டியிருந்த வலைக் கயிற்றால் கட்டிவிடலாம். வாஷருக்கு என்ன செய்வது? கஸ்பார் கப்பலைப் பார்த்தான். பிறகு, மடியிலிருந்து எடுத்து நான் தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்தான்.

“சைவம், அதுல ஒரு நெட்டி எடு. நீளமா ஒரு துண்டு வெட்டு.”

வெட்டினேன். நகத்தைவிடக் கட்டியாக இருந்தது.

“மெல்லு.”

“என்னது?”

“பதமாகணும்லே. அப்பந்தான் மரையில சுத்த முடியும். எங்க அப்பன் வலைக்கோலு ஒடிஞ்சா இதத்தான் மென்னு சுத்துவான்.”

“நீ மெல்லு.”

“என் வாயெல்லாம் பெட்ரோலு. பெட்ரோல் பட்டா நெட்டி பிசின் விடாது. ஒன் வாய்தான் சுத்தமான வாய். மெல்லுலே, பைலட் வந்துருவான்.”

அவன் சிரிக்கவில்லை. வெயிலில் கண் சிவந்து, ஒரு கை டாங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கெஞ்சுகிற முகத்தோடு நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பு வாரைக் கடிக்கிற மாதிரி இருந்தது. பிறகு உப்பு. பிறகு அது இளகத் தொடங்கியது. இளக இளக வழுவழுவென்று வாய்க்குள் உயிர் வந்தது போலப் புரண்டது. அதன் வாடை மூக்கு வழியாக வரவில்லை, தொண்டைக்குப் பின்னாலிருந்து வந்தது. பிசின் பல்லில் ஒட்டி, நாக்கில் ஒட்டி, மேலண்ணத்தில் ஒட்டியது. துப்பலாம் என்றால் துண்டும் போய்விடும். என் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று அவன் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் வாழ்ந்த அத்தனை பேரும் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. அவர்களில் ஒருவர்கூட என்னை மன்னிக்கிற முகத்தோடு இல்லை.

வாயிலிருந்து இழுத்து அவனிடம் கொடுத்தேன். நூல் விட்டுக்கொண்டு வந்தது. ஒற்றைக் கையால் மரையில் சுற்றி, அழுத்தி, காக்கை ஏற்றி முறுக்கினான். திறந்துவிட்டான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

துறைமுகத்துக்குள் நாங்கள் நுழையும்போது ஏணியை எடுக்கக் கை வைத்திருந்தார்கள். கஸ்பார் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, பைகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். மேலே ஏறி நின்று, இரைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தான். கையாட்டுவான் என்று நானும் கையைத் தூக்கினேன்.

“ஏலே சைவம், பெட்ரோல் பட்டா நெட்டிக்கு ஒண்ணும் ஆவாது. நானே மென்னுருக்கலாம்.”

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“சொன்னேம்லா, ஒன் வாயில மீன வைப்பேன்னு” என்றான். விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என்னை அந்தாண்டை போகச் சொல்வது போல விசிறினான். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் மிகக் கெட்டதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முழுத் தொண்டையில் கத்தினேன். அதே நேரம் கப்பல் ஊதிவிட்டது.

அன்று ராத்திரி அம்மா வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. வேப்பங்குச்சி, உப்பு, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மதுரையிலிருந்து வாஷர் வர வெகுநாளாயிற்று, அதுவரை அந்த மூட்டு கசியவே இல்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சல். மாற்றும்போது மெக்கானிக் கஷ்டப்பட்டுச் சுரண்டி எடுத்து, “இது எந்தக் கம்பெனி சாமான் அண்ணாச்சி?” என்று கேட்டார். நான் இடுக்கியால் வாங்கிச் சாக்கடையில் போட்டேன்.

கஸ்பார் திரும்பி வரவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் கரைக்கு இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவில்லை, கப்பல் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது என்று ஆபீசில் சொன்னார்கள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்றார் ஒருவர். கடலில் விழுந்திருப்பான் என்றார் இன்னொருவர். எதற்கும் ஆதாரம் இல்லை.

ஒருநாள் திரேஸ்புரம் கரையில் அவன் அம்மா என்னை நிறுத்தினார். முன்னால் கூடை, கூடை நிறைய மீன், மீன் நிறைய ஈ.

“ஏ அய்யா, நீதான அவனக் கொண்டு விட்ட. கடைசியா என்ன சொன்னான்?”

“ஒங்களப் பாத்துக்கிடச் சொன்னான் பெரியம்மா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவன் அப்பிடியெல்லாம் சொல்லுதவன் இல்லையே” என்றார்.

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். சாந்து, வாந்தி, நெட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டது வரை. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று பயந்து குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“சைவப்புள்ளய மெல்ல வச்சிட்டானா, பாவி. ஏய்யா, துப்புனியா, முழுங்கிட்டியா?”

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் இதே கதைதான். என்ன சொன்னான், எப்படி நின்றான், எந்தக் கையால் மூக்கைப் பிடித்தான். பக்கத்துக் கூடைக்காரிகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். நான் நின்றபடி, மீன் வாடைக்கு நடுவில், மென்றதை மறுபடி மெல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அந்தப் பிசின் பல்லில் வந்து ஒட்டும். சில நாள் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறேன். ஆனால் அவர் முகம் சோர்ந்திருப்பதாக யாராவது சொன்னால் நானாகவே போய் நிற்பேன். நான் விரும்பிப் போய்க் குமட்டிக்கொண்ட இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

இப்போது திரேஸ்புரத்தில் ஃபைபர் படகுகள். சாந்தும் கிடையாது, சுறா எண்ணெய் நாற்றமும் கிடையாது. முத்துச் சிப்பி அழுகுகிற வாடையும் ஊருக்குள் வருவதில்லை. துறைமுகம் போகிற ரோட்டில் லாரிப் புகையும் அனல்மின் நிலையச் சாம்பலும்தான் மூக்கை அடைக்கின்றன. போன நாற்றங்கள் ஒன்றுக்கும் நான் வருத்தப்படவில்லை, போய்த் தொலைந்ததே நல்லது. கஸ்பாரின் அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. அவர் போன பிறகு, கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று என்னை யாரும் கேட்டதில்லை.

மருமகன் புது மூட்டைப் பூட்டி, டியூபை மாட்டி, கிளிப்பை இறுக்கி, கையுறையைக் கழற்றினான். கசியவில்லை. “சொல்லுங்க மாமா, என்ன போடுவீங்க?” என்று மறுபடி கேட்டான். அதற்குள் அவன் கைப்பேசி அடித்தது. எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டான்.

வாயில் அந்த நெட்டி ருசி அப்படியே நின்றது. எழுந்து உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். குடிக்கவும் இல்லை, கொப்பளிக்கவும் இல்லை. வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.